யார் பேரில் ஓடுகிறது வண்டி?

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, பெற்றவர்கள் வைத்தது. மற்றது, ஒரு நாள் வேலைக்குக் கணக்கப்பிள்ளை குறித்துக்கொள்வது. கேட்ட அளவு கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு மலையேறி, நிறை குறைந்ததால் அரைப் பேரோடு வீடு திரும்பிய பெண்களுக்கு ஒரு பேரின் விலை நன்றாகத் தெரியும். ஆனால் அதே பெண்கள் வருடக்கணக்கில் சேர்த்த காசில் வாங்கிய வாகனத்தில் தங்கள் பேர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

எங்கள் லயத்துக்கு மேலே உள்ள லயத்து அக்கா ஒருவர் குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்தார். மாதாமாதம் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி பிள்ளைகளின் படிப்புக்குப் போனது. மீதியில் தம்பிக்கு ஒரு ஆட்டோ வாங்கினார்கள். தம்பி ஹயர் ஓடுவான், வீட்டுக்கு நாளாந்தம் ஒரு தொகை கொடுப்பான், அக்கா திரும்பி வந்ததும் வண்டி அவருக்கு. வாய்ப்பேச்சில் அப்படித்தான் முடிவானது. பதிவு தம்பியின் பேரில். ஏழாவது வருடம் தம்பி நோயில் இறந்துபோனான். வண்டி சட்டப்படி அவன் மனைவி பிள்ளைகளிடம் போனது. அந்தப் பெண்ணும் கெட்டவள் இல்லை. இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளுக்கும் வேறு வழியில்லை. அக்கா திரும்பி வந்தபோது கையில் இருந்தவை பணம் அனுப்பிய துண்டுகள் மட்டும்.

"எம் பேருல போட்டா கையெழுத்து வைக்க ஒவ்வொரு தடவையும் நான் எங்கிட்டு வர்றது தம்பி? அதான் அவன் பேருலயே போடச் சொன்னேன்" என்றார் என்னிடம்.

இந்தப் பதிலை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவரின் காசு, உள்ளூரில் இருப்பவரின் பேர். இது வெறும் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் ஆட்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவானது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆள் அடையாள அட்டை குடிமக்களுக்கு மட்டுமே கிடைத்த காலத்தில், பிரஜாவுரிமை இல்லாதவர் எந்தக் காரியாலயத்துக்குப் போனாலும் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டியிருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகே இந்த அலைச்சல் ஓய்ந்தது. பிறந்த மண்ணிலேயே வெளிநாட்டவராக எண்ணப்பட்டவர்கள், எதை வாங்கினாலும் அட்டை உள்ள ஒருவரின் பேரில் வாங்கிப் பழகியிருந்தால் அதில் வியப்பில்லை. இன்று நமக்கு அட்டை இருக்கிறது. பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

சி.ஆரில் உள்ள இரண்டு பேர்

இலங்கையில் பதிவாகியுள்ள முச்சக்கர வண்டிகள் 11 லட்சத்துக்கு மேல். ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றியும், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, கந்தப்பளை, இராகலைச் சந்திகளிலும் வரிசையாக நிற்பவற்றில் பெரும்பாலானவை தோட்டத்துப் பிள்ளைகளின் வாழ்வாதாரம். பஸ் போகாத மேல் டிவிசனுக்கு நள்ளிரவில் பிரசவ வலியோடு இருப்பவளை அழைத்துப் போக வருவது ஆட்டோதான். மே மாதத்தில் முடியும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிக்கு ஓடும் ஓட்டத்தில்தான் பல வீடுகளின் வருடக் கடன் அடைகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. விலை ஏற ஏற, கைமாறும் வண்டிகளில் ஏமாற்று வேலையும் கூடியது.

வாகனத்தின் பிறப்புச் சான்றிதழ் மாதிரியானது பதிவுச் சான்றிதழ். எல்லோரும் 'சி.ஆர்.' என்பார்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் தரும் இந்தக் கடதாசியில் இரண்டு பேர் இருக்கலாம். பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் ஒருவர். முழு உரிமையாளர் என்று இன்னொருவர். லீசிங்கில் எடுத்த வண்டியில் முதலாமவர் நீங்கள், இரண்டாமவர் நிதி நிறுவனம். கடைசித் தவணை கட்டும் வரை அந்த இரண்டாவது பேர் அங்கேயே இருக்கும். கட்டி முடித்த பிறகும், நீங்கள் முயற்சி எடுத்து நீக்காவிட்டால், அங்கேயே இருக்கும்! கடன் தீர்ந்த கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கி, திணைக்களத்தில் கொடுத்து, முழு உரிமையாளர் பேரை எடுத்துவிட்ட புதிய சி.ஆரைக் கையில் வாங்கும்போதுதான் வண்டி உங்களுடையது. இதைச் செய்யாமல் விட்டு, ஐந்து வருடம் கழித்து விற்கப் போகையில் அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்துபோய், பழைய கோப்பைத் தேடி அலைந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: மூல சி.ஆர். எங்கே? போட்டோ பிரதியைக் காட்டி, "ஒரிஜினல் வீட்டில் இருக்கு" என்றால் அன்று முற்பணம் கொடுக்காதீர்கள். வாகன இலக்கத்தைக் கொடுத்தால் திணைக்களத்தின் இணையச் சேவையில் வண்டியின் விபரத்தைப் பார்க்கலாம். போன் வைத்திருக்கும் பிள்ளைகள் யாராவது பார்த்துச் சொல்வார்கள். பின்னர் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் சி.ஆரில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்துத் தடவிப் பாருங்கள். அரம் போட்ட அடையாளம் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். திருட்டு வண்டி என்று பொலிஸ் எடுத்தால் பணமும் போகும், வழக்கும் வரும்.

ஓபன் பேப்பர்

மலையகத்தில் அதிகமான குடும்பங்களைக் கவிழ்த்த சொல் இது. விற்பவர், உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6 படிவத்தில் வெறுமனே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குபவர் எம்.டி.ஏ. 8 படிவத்தை நிரப்பித் திணைக்களத்தில் கொடுத்துத் தன் பேருக்கு மாற்ற வேண்டும். மாற்ற மாட்டார். கொழும்புக்குப் போக ஒரு நாள் வேலை போகும், கட்டணம் கட்ட வேண்டும், "எப்படியும் அடுத்த வருசம் வித்திடுவோம்" என்ற நினைப்பு. அதே படிவத்தோடு அடுத்தவருக்கு விற்பார். அவர் இன்னொருவருக்கு. வண்டி நாலு கை மாறியிருக்கும், சி.ஆரில் முதல் ஆள் அப்படியே இருப்பார்.

சட்டப்படி உரிமை மாற்றத்தைத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்றவருக்கும் கடமை உண்டு, வாங்கியவருக்கும் உண்டு. அறிவிக்காவிட்டால் இருவருக்குமே இடி. வண்டி கசிப்புக் கடத்தி மாட்டினாலும் யாரையாவது மோதிவிட்டு ஓடினாலும் பொலிஸ் முதலில் தட்டுவது சி.ஆரில் உள்ளவரின் கதவை. மூன்று வருடத்துக்கு முன்னமே விற்றுவிட்டேன் என்று அவர் சொன்னால், அதை நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். வாங்கியவரின் நிலைமை அதைவிட மோசம். கையெழுத்து வைத்தவர் இறந்துபோனால் அந்தப் படிவத்தால் பிறகு பயனில்லை. வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தாலும், படிவம் தொலைந்து இன்னொரு கையெழுத்துக் கேட்டுப் போகும்போது, "இப்ப வண்டி விலை கூடிப்போச்சே" என்று காசு கேட்பவர்கள் உண்டு.

ஒரு நாள் வேலை போகத்தான் செய்யும். போகட்டும். விற்பவரும் வாங்குபவரும் படிவங்களை முழுதாக நிரப்பி, அடையாள அட்டைப் பிரதிகளோடு அன்றே அனுப்புங்கள். விற்றவர், தான் அறிவித்ததற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளட்டும். விற்ற திகதி, நேரம், தொகை, இருவரின் கையெழுத்து, இரண்டு சாட்சி எல்லாம் கொண்ட ஒரு எழுத்து இருவரிடமும் இருக்கட்டும். நேரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: காலையில் விற்ற வண்டி மாலையில் விபத்துக்குள்ளான கதை நம் பாதைகளில் நடக்கக்கூடியது.

தவணையின் உண்மையான விலை

காணி உறுதி இல்லாத சமூகம் நாம். லயக் காம்பராவை ஈடு வைத்து வங்கியில் கடன் கேட்க முடியாது. மின்சாரப் பட்டியல்கூடப் பல வீடுகளில் சொந்தப் பேரில் வருவதில்லை. அதனால் வண்டியையே ஈடாகக் கொள்ளும் லீசிங் ஒன்றுதான் நமக்குத் திறக்கும் கதவு. அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கதவு வழியாகத்தான் பல பையன்கள் கொழும்புக் கடைகளில் நின்ற வேலையை விட்டு ஊருக்கு வந்தார்கள். ஆனால் உள்ளே போகுமுன் கணக்குத் தெரிய வேண்டும்.

உதாரணத்துக்கு 10 லட்சம் ரூபா, 48 மாதம், "வருசத்துக்கு 14 வீதந்தான்" என்கிறார் ஏஜென்ட். பெரும்பாலும் இது முழுத் தொகைக்கும் நாலு வருடமும் ஒரே மாதிரிப் போடும் வட்டி. 5,60,000 ரூபா வட்டி, மொத்தம் 15,60,000, மாதம் 32,500. நீங்கள் மாதாமாதம் முதலையும் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் வட்டி குறையாமல் இருக்கிறது. குறையும் மீதியின் மேல் கணக்குப் போட்டால் இது வருடத்துக்கு ஏறக்குறைய 24 வீதம். ஆகவே ஏஜென்டிடம் கேட்க வேண்டிய கேள்வி: குறைந்துசெல்லும் மீதிக்கு எத்தனை வீதம்? இரண்டு மூன்று நிறுவனங்களில் இதே கேள்வியைக் கேட்டு ஒப்பிடுங்கள். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 32,500 என்பது ஒருவரின் 24 முழுப் பேர். மழையில் ஹயர் இல்லாத ஜூன், ஜூலை மாதங்களில் அந்தத் தவணையை அம்மாவின் பேர்தான் கட்டும் என்பதை வீட்டோடு பேசி முடிவெடுங்கள்.

நானும் ஒரு முறை நண்பனுக்குப் பிணையாளராகக் கையெழுத்து வைத்தேன். பல பக்கங்கள், எல்லாம் ஆங்கிலம். "இங்க, இங்க, இங்க" என்று விரலால் காட்டினார்கள், வைத்தேன். அவன் தவணை தவறியபோது எனக்கு வந்த கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், பிணையாளர் என்பவர் சாட்சி இல்லை, கடன்காரருக்குச் சமமாகப் பொறுப்பேற்றவர் என்று. அன்றே தமிழில் கேட்டிருக்கலாம். இன்று கேட்பதற்குக் கூடுதல் பலம் உண்டு. மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தை நமக்கு விளங்கும் மொழியில் கேட்பதும், கட்டணங்களை முன்கூட்டியே அறிவதும், கடன் வசூலிக்க வருபவர் மிரட்டாமல் அவமதிக்காமல் நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நமது உரிமை.

தவணை தவறினால் வண்டியைத் திரும்ப எடுக்க நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி உரிமை உண்டு. இதை மறைத்து ஆறுதல் சொல்வதில் பயனில்லை. பாதையில் மறித்து சாவியைப் பிடுங்குவதற்கும், கை வைப்பதற்கும், தூஷணம் பேசுவதற்கும் உரிமை கிடையாது. வண்டியை எடுக்க நிறுவனம் அனுப்பும் சீசிங்காரர் வந்தால் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் அவர் அடையாள அட்டையையும் கேளுங்கள். கொடுக்க வேண்டிய நிலை வந்தால், திகதி, மீட்டர் அளவு, டயர், ரேடியோ, மேலதிகச் சில்லு எல்லாவற்றையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது, உங்கள் கணக்கில் எவ்வளவு வரவு வைத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அடிதடி நடந்தால் பொலிஸ் முறைப்பாடு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: ஒரு தவணை தவறப் போகிறது என்று தெரிந்த அன்றே கிளைக்குப் போய், தவணையை நீட்டித் தரச் சொல்லிக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குவது. போன் அணைத்து வைத்துவிட்டு ஒளிந்திருப்பவரின் வண்டிதான் முதலில் போகிறது.

காப்புறுதி எதற்குக் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லக் குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. வானில் இருந்தவர்களும் முச்சக்கர வண்டிச் சாரதியும் என 7 உயிர்கள் போயின. அந்த இறக்கத்தில் இறங்கியவர் எவருக்கும் ஒரு கணத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நம்மில் பலர் காப்புறுதியை வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கான சீட்டாகவே நினைக்கிறோம். பிரதேச செயலகத்தில் கேட்பார்கள், புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஆகக் குறைந்த 'தேர்ட் பார்ட்டி'யைப் போடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அதுதான். ஆனால் அது உங்கள் வண்டி மோதிக் காயப்பட்ட, இறந்த அடுத்தவருக்கானது. உங்கள் வண்டி பள்ளத்தில் விழுந்து நொறுங்கினால் ஒரு சதமும் வராது. லீசிங் இருக்கும் வரை நிறுவனமே 'புல் இன்சூரன்ஸ்' போட வைக்கும். கடன் முடிந்த மறு வருடம் பலர் அதைக் குறைத்து விடுகிறார்கள். வண்டிதான் வீட்டின் ஒரே சொத்து என்றால் இது ஆபத்தான மிச்சம்.

புல் இன்சூரன்ஸ் இருந்தும் கைவிட்டுப்போன சந்தர்ப்பங்கள் நிறைய. தனிப்பட்ட பாவனைக்கு என்று போட்டுவிட்டு ஹயர் ஓடினால் நிறுவனம் கோரிக்கையை மறுக்கும். ஆட்டோவுக்குரிய பி1 வகுப்பு லைசன் இல்லாத மச்சான் ஓட்டிப் போய் மோதினாலும் மறுக்கும். குடித்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஓபன் பேப்பரில் வாங்கிய வண்டிக்குப் பழைய உரிமையாளரின் காப்புறுதி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒப்பந்தம் அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது, உங்களோடு இல்லை. ஹயருக்கு ஓட்டுவதாகவே எழுதிப் போடுங்கள். சில ஆயிரம் கூடும். அந்த ஆயிரங்கள்தான் விபத்து நாளில் உங்கள் பக்கம் நிற்கும்.

விபத்து நடந்தால் காயப்பட்டவரை வைத்தியசாலைக்கு அனுப்புவது முதல் வேலை. பிறகு வண்டிகளை நகர்த்துமுன் படம் எடுங்கள், காப்புறுதி அட்டையில் உள்ள இலக்கத்துக்கு அங்கிருந்தே அழையுங்கள், பொலிஸில் பதியுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் அரச கரும மொழி. நுவரெலியா, அம்பகமுவப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. சிங்களத்தில் எழுதி "சரிதானே" என்று நீட்டினால், தமிழில் வாசித்துக் காட்டும் வரை கையெழுத்து வைக்காதீர்கள். அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் காப்புறுதி நிறுவனமும் நீதிமன்றமும் முடிவெடுக்கும்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால், இழப்பீடு கேட்க யாருமே இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறோம். வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையிடம் அப்படியான விபத்துகளில் பாதிக்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். பொலிஸ் அறிக்கையும் வைத்திய அறிக்கையும் இதற்கு வேண்டும், அவற்றைத் தொலைக்காதீர்கள்.

கடல் கடந்த காசு

இனி அக்காவின் விடயத்துக்கு வருகிறேன். குவைத்திலோ ரியாத்திலோ இருக்கும் ஒரு பெண் தன் பேரில் ஹட்டனில் வண்டி வாங்க முடியுமா? முடியும். அவரிடம் இலங்கை அடையாள அட்டை இருக்கிறது. கையெழுத்துக்கு ஆள் வேண்டுமென்றால் அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதலாம். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அதை அத்தாட்சிப்படுத்தி அனுப்பி, இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதில் "என் எல்லாச் சொத்துக்கும் எல்லா அதிகாரமும்" என்று எழுதவே கூடாது. இன்ன இலக்க வண்டியைப் பதிய, காப்புறுதி போட, வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்க என்று மட்டும் எழுதுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் கொடுக்காதீர்கள். ஓட்டுபவர் தம்பியாக இருக்கட்டும். நாளுக்கு எவ்வளவு, திருத்தச் செலவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வதால் பாசம் குறையாது.

ஏற்கெனவே அடுத்தவர் பேரில் வாங்கிவிட்டவருக்கும் வழி முழுதாக அடைபடவில்லை. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, ஒருவர் பணம் கொடுக்க இன்னொருவர் பேரில் எழுதப்பட்ட சொத்தைப் பற்றிப் பேசுகிறது. அன்பளிப்பாகக் கொடுக்கும் எண்ணம் இல்லை என்று காட்ட முடிந்தால், பேரில் வைத்திருப்பவர் அதைப் பணம் கொடுத்தவரின் நன்மைக்காகவே வைத்திருப்பதாகக் கொள்ளப்படும். வழக்கு நீளும், செலவும் உண்டு. ஆனால் பணம் அனுப்பிய துண்டு, அந்த வாரத்து வட்ஸ்அப் குரல்பதிவு, விற்பனையாளருக்கு நேரடியாகப் போன வங்கி மாற்றம் எல்லாம் சாட்சியாகும். ஆகவே பணத்தைத் தம்பியின் கணக்குக்கு அனுப்பாமல் வண்டி விற்பவரின் கணக்குக்கே அனுப்புங்கள். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இதே குழி இன்னொரு வகையினருக்கும் உண்டு. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தக் காலத்தில் கப்பலேறிக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்தியக் கடவுச்சீட்டோடு பாட்டியின் லயத்தைத் தேடி வருகிறார்கள். கனடா, லண்டன் உறவுகளும் வருகிறார்கள். "மாமா, ஒரு ஆட்டோ வாங்கிப் போடுறேன், வரும்போது நான் ஓட்டிக்கிறேன்" என்கிறார்கள். மாமா பேரில் வாங்கினால் அது மாமாவின் வண்டி. ஓட்டுவதும் இலேசு இல்லை. வெளிநாட்டவர் தம் நாட்டு லைசனை மட்டும் காட்டி இங்கே ஓட்ட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இங்குள்ள ஆட்டோமொபைல் சங்கத்தில் அங்கீகரிக்க வேண்டும், அல்லது திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் அதற்கு ஒரு கருமபீடம் திறந்தார்கள். எந்த அனுமதியானாலும், ஓட்டப்போகும் வாகன வகுப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கார் மட்டும் இருந்தால் ஆட்டோவைத் தொடக்கூடாது.

சுற்றுலாப் பயணிகளுக்கு ஆட்டோவை நாள் வாடகைக்கு விடும் பையன்களுக்கும் இதையே சொல்கிறேன். கூலி நல்ல கூலிதான். ஆனால் அந்த வெள்ளைக்காரரிடம் செல்லுபடியான அனுமதி இல்லாமல் கொட்டகலைத் திருப்பத்தில் யாரையாவது மோதினால், காப்புறுதி கைவிரிக்கும். அவர் விமானம் ஏறிவிடுவார். அழைப்பாணை உங்கள் பேருக்கு வரும். லீசிங் வண்டியென்றால் வாடகைக்கு விட நிறுவனத்தின் எழுத்து அனுமதியும் வேண்டும்.

வளைகுடாவில் சாரதி வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு சொல். அங்கே நீங்கள்தான் வெளிநாட்டவர். வதிவிட அட்டை இல்லாமல் கார் வாங்கிப் பதிய முடியாது. சவூதியிலும் கட்டாரிலும் 'இஸ்திமாரா' என்றும், எமிரேட்ஸிலும் ஓமானிலும் 'முல்கியா' என்றும் சொல்லும் பதிவு அட்டையில் யார் பேர் என்பதே அங்கும் கேள்வி. ஊர் திரும்பும் நண்பர் "நீ ஓட்டிக்கோ, பேர் பிறகு மாத்தலாம்" என்றால் வாங்காதீர்கள். அவர் போனபின் மாற்ற ஆள் இருக்காது. சவூதியில் உங்கள் பேரில் வாகனமும் கட்டாத தண்டமும் இருக்கும் வரை இறுதி வெளியேற்ற முத்திரை கிடைக்காது. ஊரில் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு அங்கே பழைய கார் ஒன்றால் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

முறையிடும் இடங்கள்

லீசிங் பற்றிய முறைப்பாட்டை முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுங்கள், தமிழில் எழுதலாம். பதில் இல்லையென்றால், பதில் சரியில்லையென்றால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். காப்புறுதி மறுத்தால் மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கி, காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். அரச காரியாலயத்தில் தமிழில் சேவை மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழு. தோட்டத்து இளைஞர் மன்றங்களும் கோயில் குழுக்களும் இந்த இடங்களின் விபரத்தை ஒரு தாளில் அச்சடித்து ஆட்டோ நிறுத்துமிடங்களில் ஒட்டினால் பெரும் உபகாரம்.

அக்கா வழக்குப் போடவில்லை. தம்பி மனைவியோடு உட்கார்ந்து பேசி, வண்டியை அவளுக்கே விட்டுவிட்டு, அவள் மாதாமாதம் ஒரு தொகை தருவதாகச் சமாதான நீதவான் முன்னிலையில் எழுதிக்கொண்டார்கள். போன மாதம் அக்கா தானே முற்பணம் போட்டு, பழைய ஆட்டோ ஒன்று வாங்கினார். மூத்த மகன் ஓட்டுகிறான். சி.ஆர். அக்காவின் பேரில். அதை வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் தன் அடையாள அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். அட்டையில் இருந்த ஓர் எழுத்து சி.ஆரில் மாறியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அட்டையில் ஒன்று, ஈ.பி.எப். புத்தகத்தில் ஒன்று என்று பேர் மாறிக் கிடப்பது நம் வீடுகளில் புதிதில்லை.

"சின்னப் பிழைதான் அக்கா" என்றேன்.

"இல்ல தம்பி, இத இப்பவே மாத்தணும்" என்றார். புதன்கிழமை ஒரு பேர் போனாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.